சுற்றும் வட்டமும் பார்மட் போடும் தம்பிகளும்

இந்தப் பதிவைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பி.பி. மாத்திரை போட்டுக்கொண்டு, வீட்டில் "மதியம் வரைக்கும் என்னைக் கூப்பிடாதே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வழக்கமாக ஏரி, பழைய ஷிப்ட் கதை, கம்பெனி பஸ்ஸில் நடந்த கூத்து என்று எழுதுகிறவன் இன்றைக்குக் கம்ப்யூட்டரைப் பிடித்துக்கொண்டானே என்று பக்கத்தை மூடிவிடாதீர்கள். இதில் ஒரு மனுஷனின் பென்ஷன் இருக்கிறது.

பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும். என் கம்ப்யூட்டரில் மவுஸை நகர்த்தினால் நகருமே அந்த அம்புக்குறி, அதன் பக்கத்தில் ஒரு சின்ன நீல வட்டம் ஒட்டிக்கொண்டது. இரண்டு நொடி சுற்றும், மறையும். மூச்சு விடுவதற்குள் மறுபடி சுற்றும். எதையும் திறக்கவில்லை, எதையும் தொடவில்லை, சும்மா இருக்கிற திரையில் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆஃப் செய்து ஆன் செய்தேன். நம் தலைமுறைக்குத் தெரிந்த முதல் வைத்தியம் அதுதானே. வந்து உட்கார்ந்ததும் மறுபடி வட்டம்.

சுற்றினால் சுற்றட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் அது சுற்றும் ஒவ்வொரு முறையும் டைப் அடித்துக்கொண்டிருக்கும் கட்டத்திலிருந்து கர்சர் கழன்றுகொண்டது. 12 இலக்கம் அடித்தால் 9 இலக்கம்தான் விழும். மீதி மூன்று எங்கே போனது என்று தெரியாது.

இது எனக்கு ஏன் பெரிய விஷயம் என்றால், ரிட்டயர் ஆன நாளிலிருந்து எங்கள் பழைய ஆட்களுக்கு உயிர்வாழ் சான்றிதழ் போட்டுக் கொடுக்கிறேன். ஜீவன் பிரமாண் என்று 2014 நவம்பரில் மத்திய அரசு கொண்டுவந்த திட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ரேகைக் கருவியில் விரலை வைத்தால் "இவர் உயிரோடு இருக்கிறார்" என்று பதிவாகிவிடும். நம்மைப் போல இ.பி.எஸ். 95 பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தாக வேண்டும். முன்பு நவம்பர் மாதமானால் எல்லோரும் முண்டியடிப்போம். இப்போது எந்த மாதம் போட்டாலும் அதிலிருந்து 12 மாதம் செல்லும். தேதி தவறினால் பென்ஷன் நிற்கும். அந்தப் பென்ஷனும் எவ்வளவு என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2014 செப்டம்பரில் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். அந்த ஆயிரத்தை ஒட்டியே வாங்குகிற ஆட்கள்தான் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறவர்கள்.

அப்படி வந்தவர்தான் என் நண்பர். வார்ப்படங்களைக் கிரைண்டிங் செய்து செய்தே 27 வருஷம் ஓட்டியவர். கல் சுற்றும் வேகத்தில் கையுறை ஒரு வாரம் தாங்காது. அவர் விரல் நுனியைப் பார்த்தால் உருட்டி வைத்த கூழாங்கல் மாதிரி வழவழவென்று இருக்கும். ரேகை பிடிப்பது எப்போதுமே கஷ்டம்தான். ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் நாலைந்து தடவை மாற்றி மாற்றி வைத்து எப்படியோ வாங்கிவிடுவோம். இந்த வருஷம் விரல் வைக்கும் கட்டத்துக்கே போக முடியவில்லை. எண்ணை அடிக்கிறேன், வட்டம் சுற்றுகிறது, எண் பாதியில் நிற்கிறது. ஒருமுறை கடைசி வரை போனோம். வட்டம் வந்தது, பக்கம் காலாவதி ஆகிவிட்டது.

அவர் என்ன சொன்னார் தெரியுமா? "சார், மெஷின் மேல தப்பு இல்ல. என் கைதான் தேஞ்சு போச்சு." மறுநாள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தார். அதற்கு அடுத்த நாள் எலுமிச்சம்பழம் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார். நானும் "சர்வர் பிஸியா இருக்கும், நாளைக்குப் பாக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே அவருடைய தேதியைத் தாண்ட விட்டேன். அடுத்த மாதம் அவர் கணக்கில் பணம் ஏறவில்லை. அவரிடம் இருப்பது பட்டன் போன். முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வசதி 2021 கடைசியிலேயே வந்துவிட்டது என்பது உண்மைதான், ஆனால் அதற்கு வேறு மாதிரி போன் வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. 27 வருஷம் உழைத்த கை தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறது. குற்றவாளி திரையில் சுற்றிக்கொண்டிருக்கிறான்.

சரி, காட்டுவோம் என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனேன். கடையின் பெயர் வேண்டாம். கடைத் தம்பி ஸ்விட்ச் போட்டார், வட்டத்தைப் பார்த்தார், அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "விண்டோஸ் கரப்ட் அங்கிள். பார்மட் போட்டுடலாம். 800 ரூபா." எதனால் கரப்ட் என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் இப்படித்தான் அங்கிள் வருது." இன்னொரு கடையில் மவுஸை மாற்றச் சொன்னார்கள். அம்புக்குறியைக் கையில் இருக்கும் மவுஸா வரைகிறது? ஆனாலும் 350 கொடுத்து வாங்கினேன், புத்தி கெட்டு. புது மவுஸிலும் அதே வட்டம் அழகாகச் சுற்றியது. மூன்றாவது கடையில் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது, புது சிஸ்டமே வாங்கிவிடுங்கள் என்றார்கள். தேதி சரிதான். அந்தத் தேதிக்கும் வட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்றால் பதில் இல்லை.

பார்மட் என்பது என்னவென்று தெரியாமல் தலையாட்டியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற வேலை. கொளுத்தினால் பூச்சி சாகும், நான் மறுக்கவில்லை. என் கம்ப்யூட்டரில் எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரின் பென்ஷன் எண், தேதி எல்லாம் எழுதிய பட்டியல் இருக்கிறது. என் அம்மாவின் கடைசிப் போட்டோக்கள் இருக்கின்றன. "பேக்கப் எடுத்துக்கலாம் அங்கிள்" என்பார்கள். எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்பது மூன்று மாதம் கழித்துத் தேடும்போதுதான் தெரியும். போதாக்குறைக்குக் கொளுத்திய வீட்டில் திரும்பக் குடியேறும்போது அதே பழைய புரோகிராம்களை, அதாவது அதே மூட்டைப்பூச்சியை, நாமே கையில் எடுத்துக்கொண்டு போய் வைக்கிறோம். ஆறு மாதத்தில் மறுபடி வட்டம், மறுபடி 800.

பிறகு சொந்தக்காரப் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினான். மவுஸ் செட்டிங்கில் போய், "பாயிண்டர்ஸ்" என்ற பக்கத்தில், வட்டம் இருக்கும் இடத்தில் சாதா அம்புக்குறிப் படத்தை வைத்துவிடு என்று அந்த வீடியோ சொன்னது. செய்தேன். வட்டம் போய்விட்டது! ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் டைப் அடித்தால் 12-க்கு 9. வியாதி அப்படியே இருக்கிறது, அறிகுறியை மட்டும் மறைத்தாகிவிட்டது.

எனக்கு வந்த ஆத்திரம் 2003-ல் எங்கள் கம்ப்ரசர் ரூமில் வந்தது. ஆயில் பிரஷர் குறைகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கு கண்ணை உறுத்துகிறதென்று நைட் ஷிப்ட் ஆள் ஒருவன் அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவைத்தான். விளக்கு தெரியவில்லை, நிம்மதியாகத் தூங்கினான். காலை 5 மணிக்குக் கம்ப்ரசர் இறுகி நின்றது. அவனுக்கு மெமோ கொடுத்தார்கள், எனக்கும் சேர்த்து. அந்தக் கறுப்பு டேப்பை இன்றைக்கு வீடியோ போட்டு விற்கிறார்கள், கீழே ஆயிரம் பேர் நன்றி சொல்கிறார்கள்.

இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஒரகடம் வரை வேலை பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். லைன் நின்றால் முதல் கேள்வி "எந்த ஸ்டேஷன்?" என்பதுதான். தலைக்கு மேலே ஆண்டான் போர்டு தொங்கும். ஜப்பான்காரன் வார்த்தை, விளக்கு என்று அர்த்தம். ஒருவர் கயிற்றை இழுத்தால் அவருடைய ஸ்டேஷன் எண் போர்டில் எரியும். கூட ஒரு பாட்டும் வரும். சூப்பர்வைசர் ஓடுவது அந்த எண்ணைப் பார்த்துத்தான். "எங்கேயோ ஏதோ பிரச்சினை, எல்லோரும் காத்திருங்கள்" என்று மட்டும் காட்டுகிற ஒரு போர்டை நான் மாட்டியிருந்தால் என்னை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

இதற்கெல்லாம் மூலம் ஒரு தறிதான் என்பது காஞ்சிபுரத்துப் பக்கத்து ஆளான எனக்கு எப்போதும் பெருமை. சகிச்சி டொயோடா என்பவர் 1924-ல் செய்த தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். அறுந்த இடத்தை நெசவாளி முடிச்சுப் போட்டால் மறுபடி ஓடும். அந்தக் குடும்பம்தான் பிறகு கார் செய்தது. நம் ஊர் நெசவாளிக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டாம். பாவு நூலில் ஒன்று அறுந்தால் அவர் தறியை மொத்தமாக அறுத்துப் போட்டுவிட்டுப் புதுப் பாவு ஏற்றுவதில்லை. அறுந்த நூலைத் தேடுவார்.

கம்ப்யூட்டர்காரர்களுக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 1984-ல் வந்த மெக்கின்டாஷில் சூசன் கேர் என்ற அம்மா ஒரு கைக்கடிகாரப் படம் வரைந்தார், காத்திரு என்பதற்கு அடையாளமாக. விண்டோஸில் மணல் கடிகாரம் இருந்தது, நாம் முதன்முதலில் கம்ப்யூட்டர் பார்த்தபோது பார்த்தது அதுதான். 1985-லேயே பிராட் மையர்ஸ் என்பவர் ஆராய்ச்சி செய்து, வேலை எவ்வளவு முடிந்தது என்று சதவீதத்தில் காட்டினால்தான் மனுஷர்களுக்குப் பிடிக்கிறது என்று எழுதிவைத்தார். 40 வருஷம் ஆகிவிட்டது. மணல் கடிகாரத்திலாவது மணல் தீர்ந்துபோகும் என்ற ஒரு நம்பிக்கை இருந்தது. 2007 ஜனவரியில் விண்டோஸ் விஸ்டா வந்தபோது அதையும் எடுத்துவிட்டு வட்டத்தை வைத்தார்கள். வட்டத்துக்கு ஆரம்பமும் கிடையாது, முடிவும் கிடையாது. எவ்வளவு நேரம் என்றும் சொல்லாது, யாருக்காகக் காத்திருக்கிறோம் என்றும் சொல்லாது.

அதே 2007-ல்தான் நம் ஸ்ரீபெரும்புதூரில் டெல் கம்பெனி கம்ப்யூட்டர் தயாரிக்க ஆரம்பித்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் கன்வேயரில் நின்று ஒவ்வொரு திருகாக முடுக்கினார்கள். ஒரு திருகு விட்டுப்போனால் எந்த ஸ்டேஷன், எந்த ஷிப்ட், யார் கை என்று சீரியல் நம்பரை வைத்துச் சொல்லிவிடுவது இந்தத் தொழிலின் பழக்கம். அப்படி ஒழுங்காகச் செய்து அனுப்புகிற பெட்டிக்குள் ஓடும் சாப்ட்வேர், தன் தப்பு யாருடையது என்று சொல்ல மாட்டேன் என்கிறது.

காரணம் சொல்லாமல் காத்திருக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று இந்த வட்டாரத்துக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 2006-ல் திறந்த நோக்கியா தொழிற்சாலையை நினைத்துப் பாருங்கள். நோக்கியாவின் போன் தொழிலை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்கினால் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலை கைமாறவில்லை. உள்ளே இருந்த ஆயிரக்கணக்கான பிள்ளைகள், பாதிக்கு மேல் சின்னப் பெண்கள், இன்றைக்குத் தெரியும் நாளைக்குத் தெரியும் என்று மாதக்கணக்கில் இருந்தார்கள். 2014 நவம்பரில் மூடினார்கள். அது வேறு விவகாரம், கோர்ட், வரி, பெரிய இடத்துச் சமாசாரம். இருந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றும்போதெல்லாம் எனக்கு அந்த பஸ் ஸ்டாப்பில் நின்ற முகங்கள் ஞாபகம் வருகின்றன. என்னை மன்னிக்கவும், கிழவன் மனசு எங்கோ போய்விடுகிறது.

கம்ப்யூட்டருக்கு வருகிறேன். மூன்று கடையும் கைவிட்டபின், என் பழைய தொழிலைத்தான் நம்பினேன். மெயின்டெனன்ஸ் ஆளுக்கு ஒரே ஒரு வித்தைதான்: பாதியாகப் பிரிப்பது. 40 மோட்டார் உள்ள பேனலில் எர்த் பால்ட் வந்தால் ஒவ்வொரு மோட்டாராகவா பார்ப்போம்? பாதியைக் கழற்றுவோம். பால்ட் போய்விட்டால் கழற்றிய பாதியில் இருக்கிறது, போகாவிட்டால் மீதிப் பாதியில் இருக்கிறது.

முதலில் வட்டத்தைக் கவனியுங்கள். அம்புக்குறியே இல்லாமல் முழு வட்டம் மட்டும் சுற்றினால், எந்த ஜன்னலின் மேல் மவுஸை வைத்திருக்கிறீர்களோ அந்தப் புரோகிராம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதை மூடினால் போதும். அம்புக்குறியோடு சின்ன வட்டம் ஒட்டியிருந்தால் பின்னணியில் ஏதோ ஒன்று கிளம்புகிறது என்று அர்த்தம். ஒரு புரோகிராம் கிளம்பும்போது சில நொடி அந்த வட்டத்தைக் காட்டுவது விண்டோஸின் வழக்கம். ஆகவே, எனக்கு வந்த மாதிரி விட்டு விட்டுச் சுற்றினால், ஏதோ ஒன்று கிளம்புகிறது, செத்துப்போகிறது, மறுபடி கிளம்புகிறது. மோட்டார் டிரிப் ஆகி டிரிப் ஆகி ஸ்டார்ட் ஆவது போல. சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லலாம் என்பார்களே, அது மாதிரி.

அடுத்தது, பின்னால் செருகியிருக்கும் பிரிண்டர், வெப் கேமரா, பென் டிரைவ் எல்லாவற்றையும் உருவிவிட்டுப் பாருங்கள். பிரிண்டரோடு வரும் சாப்ட்வேர் இந்த வட்டத்துக்குப் பேர்போனது. ஆனால் என் விஷயத்தில் அது இல்லை.

பிறகு சேஃப் மோடில் போட்டுப் பார்த்தேன். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் அதற்கு வழி வரும். அதில் விண்டோஸ் தன் அடிப்படைச் சாமான்களோடு மட்டும் எழுந்திருக்கும், வெளியாட்களை உள்ளே விடாது. வட்டம் இல்லை! அப்படியென்றால் விண்டோஸ் கரப்ட் இல்லை, ஐயா. ஒரு ரூபாய் செலவில்லாமல் பத்து நிமிஷத்தில் தெரிகிற இந்த விஷயத்தை மூன்று கடையில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. என் கோபத்தில் பாதி இதற்கு.

வெளியாள் ஒருவன்தான் என்று தெரிந்துவிட்டது. எவன்? ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, எம், எஸ், கான்ஃபிக் என்று ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் அடித்தால் ஒரு பெட்டி வரும். அதில் "சர்வீசஸ்" என்ற பக்கம். இங்கே ஜாக்கிரதை. கீழே "மைக்ரோசாப்ட் சர்வீஸ்களை மறை" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதை முதலில் டிக் செய்துவிட வேண்டும். செய்யாமல் கை வைத்தால் வீட்டுக்காரனையே வெளியே தள்ளிவிடுவீர்கள். டிக் செய்த பின் மிச்சம் இருப்பவர்கள் எல்லாம் வெளியாட்கள்.

எனக்கு 22 பேர் இருந்தார்கள். 22! நான் வாங்கி வைத்தது ஒரு பிரிண்டர், ஒரு ரேகைக் கருவி, ஒரு பிரவுசர், ஒரு ஆன்டிவைரஸ். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தையே கூட்டிவந்து குடிவைத்திருக்கிறது. அப்டேட் பார்க்க ஒருவன், அந்த அப்டேட் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க இன்னொருவன், நான் எத்தனை பக்கம் பிரிண்ட் போட்டேன் என்று எண்ண ஒருவன். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான். வாடகை தருகிறார்களா? என் கரண்ட், என் மெமரி, என் நேரம்.

நோட்டில் 22 பெயரையும் எழுதிக்கொண்டேன். 11 பேரை டிக் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்தேன். வட்டம் இருந்தது. அப்போது மீதி 11-ல் இருக்கிறான். அதில் பாதி. பிறகு அதில் பாதி. ஐந்து தடவை ரீஸ்டார்ட், நடுவே இரண்டு டீ, ஒரு மாலைப் பொழுது. கடைசியில் ஒரே ஒரு பெயர் நின்றது.

பழைய ரேகைக் கருவியின் புரோகிராம்!

நடந்தது இதுதான். பழைய கருவி இனி செல்லாது, புதுப் பாதுகாப்பு வகை வேண்டும் என்று சொன்னதால் புதுக் கருவி வாங்கினேன். பழையதை உருவி டிராயரில் போட்டேன். கருவி டிராயருக்குப் போனது அதன் புரோகிராமுக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் எழுந்ததும் அது எழுந்து தன் கருவியைத் தேடும். காணோம் என்றதும் விழுந்து சாகும். அதை எழுப்பிவிடுவதற்கென்றே இன்னொரு ஆளை அதை எழுதிய புண்ணியவான் நியமித்திருந்தான். மூன்று நொடிக்கு ஒருதரம், பகலும் இரவும், டிராயருக்குள் கிடக்கும் ஒரு சாமானைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது. அது எழும் ஒவ்வொரு தடவையும் என் கர்சரைத் தட்டிவிட்டிருக்கிறது. "கருவியைக் காணோம், இனி தேட வேண்டுமா?" என்று ஒரு வரி கேட்டிருந்தால் நான் "வேண்டாம்" என்று சொல்லியிருப்பேன். முடிந்திருக்கும்.

செட்டிங்ஸில் ஆப்ஸ் என்ற இடத்துக்குப் போய் அதை அன்இன்ஸ்டால் செய்தேன். மற்ற 21 பேரின் டிக்கையும் திரும்பப் போட்டேன் (இதை மறந்துவிடாதீர்கள், ஆன்டிவைரஸும் அதில்தான் இருக்கும்). ஒளித்துவைத்த வட்டப் படத்தையும் பழையபடி எடுத்து வைத்தேன், அபாய விளக்கு எரிய வேண்டிய நேரத்தில் எரியட்டும் என்று. ரீஸ்டார்ட். சுத்தம்.

கோபம் இங்கே அடங்கியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்துத்தான் அது கூடியது. வேறு எதையோ தேடும்போது ஸ்டார்ட் பட்டனில் "ரிலையபிலிட்டி" என்று அடித்தால் ஒரு பக்கம் வருவதைக் கண்டேன். ரிலையபிலிட்டி ஹிஸ்டரி என்று பெயர். நாள்வாரியாகக் கட்டம் போட்டிருக்கிறது. எந்த நாளில் எது விழுந்ததோ அங்கே சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. கிளிக் செய்தால் கீழே பெயர். திறந்தேன். பொங்கலுக்கு அடுத்த வாரத்திலிருந்து தினம் தினம் சிவப்புக் குறி, தினம் தினம் அதே ரேகைப் புரோகிராமின் பெயர், "வேலை நின்றுவிட்டது" என்ற குறிப்போடு.

ஆக, அதற்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். பெயர், தேதி, மணி எல்லாம் லாக் புக்கில் எழுதிவைத்துவிட்டு, என் முகத்துக்கு எதிரே ஒன்றும் தெரியாத மாதிரி வட்டம் சுற்றியிருக்கிறது. இந்தப் பக்கமும் வட்டத்தைக் கொண்டுவந்த அதே விஸ்டாவில்தான் வந்தது என்பது அப்புறம் தெரிந்துகொண்டது. ஒரே வருஷம், ஒரே சரக்கு. சொல்லாத வட்டத்தைத் திரையின் நடுவில் வைத்தார்கள், சொல்லும் பக்கத்தைப் பரண் மேல் வைத்தார்கள்.

ஐ.டி.யில் இருக்கும் என் அண்ணன் மகனிடம் இதைச் சொன்னபோது சிரித்தான். "சித்தப்பா, ஒரே நேரத்துல நூறு புராசஸ் ஓடும். எல்லாத்தையும் காட்டினா ஜனங்க குழம்பிடுவாங்க." இந்த வாதம்தான் எனக்குப் பிடிப்பதே இல்லை. எல்லாவற்றையும் காட்டச் சொல்லவில்லையே. ஒரே பெயர் மூன்று நொடிக்கொருதரம் விழுந்தால் அந்த ஒரு பெயரைச் சொல். வட்டத்தின் மேல் மவுஸை வைத்தால் ஒரு வரி காட்டு. ஆண்டான் போர்டில் ஸ்டேஷன் எண் எரிந்து எந்த ஆபரேட்டரும் குழம்பியதை நான் பார்த்ததில்லை. எட்டாவது படித்த பிள்ளைகள் அதைப் பார்த்து ஓடினார்கள். குழம்பிவிடுவோம் என்று நமக்கு மறைப்பதுதான் கடைசியில் ஒரு மனுஷனைத் தன் விரலைச் சந்தேகப்பட வைக்கிறது.

எல்லா வட்டமும் இப்படிப்பட்டதல்ல என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நானும் அந்தக் கடைத் தம்பி மாதிரி ஆகிவிடுவேன். பெரிய அப்டேட் வந்த அன்று கொஞ்ச நேரம் சுற்றுவது சகஜம், ஒரு சாப்பாட்டு நேரம் விட்டுவிடுங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் உள்ள பெட்டியில் எதைத் திறந்தாலும் சுற்றும். அதற்கு எஸ்.எஸ்.டி. மாற்றுவதுதான் வழி, அந்தச் செலவு நியாயமான செலவு. வைரஸ் பிடித்து ஊறிப்போன பெட்டிக்குப் பார்மட்தான் மருந்து என்பதும் எனக்குத் தெரியும். கடைத் தம்பிகள் மீதும் முழுப் பழியைப் போட மனசு வரவில்லை. கடை வாடகை கட்ட வேண்டும். ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து பாதி பாதியாகப் பிரித்துப் பார்த்தால் அவருக்கு யார் 800 கொடுப்பார்கள்? பார்மட் போட்டால் கொடுக்கிறோம். கேள்வி கேட்காமல் கொடுப்பது நாம்தான்.

அதனால் கேளுங்கள். அடுத்த தடவை யாராவது "பார்மட்" என்று வாயெடுத்தால், "சேஃப் மோடில் பாத்தியா தம்பி? ரிலையபிலிட்டி ஹிஸ்டரில என்ன பேர் இருக்கு?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். முகத்தைப் பாருங்கள். நான் முதல் கடைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். தம்பி ஒரு நிமிஷம் முழித்தார். பிறகு, "அது எங்க இருக்கு அங்கிள்?" என்று கேட்டார். அவருடைய சொந்தக் கம்ப்யூட்டரிலேயே திறந்து காட்டினேன். வரிசையாகச் சிவப்புக் குறி. பில் போடும் சாப்ட்வேர் தினம் இரண்டு தடவை விழுந்துகொண்டிருந்தது அவருக்கே தெரியவில்லை.

நண்பருக்கு அந்த வெள்ளிக்கிழமை காலையில் போட்டோம். 12 இலக்கமும் ஒழுங்காக விழுந்தன. வலது கை நான்கு விரலும் எடுக்கவில்லை. அதற்கு வட்டத்தைக் குற்றம் சொல்ல முடியாது, அது கிரைண்டிங் கல் எடுத்துக்கொண்டது. இடது கை மோதிர விரல் மூன்றாவது முறை எடுத்தது. நின்றுபோன மாதத்துப் பணமும் சேர்ந்து அடுத்த தடவை ஏறியது. அவர் அந்த விரலையே கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இது மட்டும் எப்படி சார் தப்பிச்சுது?" என்றார்.

சுங்குவார்சத்திரம், வல்லம், மாத்தூர் பக்கம் இருக்கிறவர்கள் வட்டம் சுற்றும் பெட்டி இருந்தால் கொண்டுவாருங்கள். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். பிரிண்டரைத் தூக்கி வர வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும், பெயர்களை நீங்களேதான் எழுத வேண்டும்.